"பாத்தா தான் படிப்பு ஏறும்"னு ரிப்போர்ட் சொல்லுது, நம்பலாமா டீச்சர்?

போன இதழ்ல, வீட்டுல சின்னப் பிள்ளைங்க படிப்புல உங்களுக்கு என்ன குழப்பம்னு எழுதச் சொல்லிருந்தேன். வந்ததுல பாதிக்கு மேல ஒரே விஷயம், லேர்னிங் ஸ்டைல், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கத்துக்கற பாணி இருக்கு, அதுக்குப் பொருத்தமா சொல்லிக் குடுத்தா தான் படிப்பு ஏறும்ங்கற பேச்சு. சிலருக்கு ஸ்கூல்ல சொல்லிருக்காங்க, சிலர் வாட்ஸப்ல படிச்சிருக்காங்க, ஒருத்தர்கிட்ட இதுக்குனே காசு கேட்டிருக்காங்க. அதனால இந்தத் தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். 31 வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பாடம் எடுத்தவ நான், அந்த அனுபவத்தையும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்துச் சொல்றேன்.

கேள்வி: என் பொண்ணு மூணாவது படிக்கிறா. ஸ்கூல்ல ஏதோ டெஸ்ட் வச்சு அவ "விஷுவல் லேர்னர்"னு கலர் கலரா ரிப்போர்ட் குடுத்தாங்க. அன்னிக்கே அவங்கப்பா டேப் வாங்கிட்டு வந்துட்டார், இப்ப எல்லாப் பாடமும் வீடியோ தான். பாக்கும்போது புரியுதுங்கறா, ஆனா டெஸ்ட்ல மார்க் இறங்கிட்டே போகுது. தமிழ் புக்க எடுத்து ஒரு பாரா வாசிடினா "நான் விஷுவல்மா, எனக்குப் படிச்சா ஏறாது"ங்கறா. என்ன பண்ணட்டும்?
(வாசகி, திருப்பூர்)

அம்மா, அந்தக் கடைசி வரியப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எட்டு வயசுப் பிள்ளை "எனக்குப் படிச்சா ஏறாது"னு தன்னைப் பத்தி முடிவு பண்ணிடுச்சு, அதுவும் ஸ்கூல் குடுத்த ஒரு தாளை நம்பி. அந்த ரிப்போர்ட்ட அவ கண்ணுல படாம எடுத்து வைங்க முதல்ல.

இது எங்க இருந்து வந்துதுனு சொல்லிடறேன். நியூசிலாந்துல நீல் ஃபிளெமிங்னு ஒருத்தர், ஸ்கூல் இன்ஸ்பெக்டரா இருந்துட்டு அப்புறம் யுனிவர்சிட்டிக்குப் போனவர், 1992ல "வார்க்"ங்கற முறைய வெளியிட்டார். பாத்துப் படிக்கிறவங்க, கேட்டுப் படிக்கிறவங்க, வாசிச்சு எழுதிப் படிக்கிறவங்க, செஞ்சு பாத்துப் படிக்கிறவங்கனு நாலு வகை. இப்ப ஸ்கூல்ல எடுக்கற டெஸ்ட் பலதும் இந்த வழியில வந்தது தான். அதுல என்ன கேப்பாங்கனா, உனக்கு எப்படிக் கத்துக்கப் பிடிக்கும்னு தான் கேப்பாங்க. பிடிக்கிறது வேற, மண்டையில நிக்கிறது வேற. என் பேத்திக்கு முறுக்கு பிடிக்கும், அதனால அவ உடம்பு முறுக்குல தான் வளரும்னு யாராவது சொல்வோமா?

இந்த ஒரு முறை மட்டும் இல்ல, 2004ல இங்கிலாந்துல ஒரு குழு தேடி எடுத்ததுல இந்த மாதிரி 71 வகைப்பாடு கிடைச்சுது. 2008ல ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்களும் சேந்து ரொம்ப நேர்மையா ஒரு கேள்வி கேட்டாங்க. இந்தக் கொள்கை நிஜம்னா, "பாக்கற" பிள்ளைக்குப் படமா காட்டினா மார்க் ஏறணும், அதே பாடத்த "கேக்கற" பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா அதுக்கு ஏறணும், மாத்திக் குடுத்தா ரெண்டுக்கும் இறங்கணும், அப்படி எங்கயாவது காட்டிருக்காங்களானு தேடினாங்க. நம்பற மாதிரி ஆதாரம் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. சரி, அவங்க பாத்ததுல நிறைய பெரியவங்கள வச்சுச் செஞ்சதுதானேனு நீங்க கேக்கலாம், 2020ல அமெரிக்காவுல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்கள வச்சே பாத்தாங்க. ஸ்டைலுக்குப் பொருத்தமா குடுத்தாலும் பலன் ஒண்ணும் கூடல.

வீடியோ பாக்கும்போது புரியுதுங்கறாளே, அவ பொய் சொல்லல. நல்லா எடுத்த வீடியோ பாத்தா எனக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரி தான் இருக்கும், நிறுத்திட்டு யாராவது "இப்ப சொல்லு"னா தான் பாதி காணோம்னு தெரியும். அதனால வீடியோவ ஒரேயடியா பிடுங்க வேண்டாம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க நிறுத்திட்டு "செடி தண்ணிய எப்படிடா உறிஞ்சுது, எனக்குச் சொல்லு"னு கேளுங்க, சொல்ல முடியாத இடத்துல மட்டும் திரும்ப ஓட்டிக் காட்டுங்க.

வாசிப்பு விஷயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்கம்மா. வாசிக்கக் கத்துக்கணும்னா வாசிச்சு தான் ஆகணும், அதுக்கு வேற வழியே கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம், நீங்க ஒரு வரி அவ ஒரு வரி, திக்கினா திட்டாம அந்த வார்த்தைய நீங்க சொல்லிட்டு நகருங்க. மூணாங்கிளாஸ் புக்கு கஷ்டமா இருந்தா ரெண்டாங்கிளாஸ் புக்க எடுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. நாலஞ்சு மாசம் விடாமப் பண்ணியும் எழுத்து எழுத்தா தான் கூட்டுறா, ப-வும் ம-வும் மாறி மாறியே வருதுனா அது ஸ்டைல் இல்ல, டிஸ்லெக்ஸியானு சொல்ற வாசிப்புக் குறைபாடு மாதிரி ஏதாவது இருக்கானு முறையா பாக்கணும். சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதுக்காகவே இருக்கு, அவங்கள விசாரிங்க.

கேள்வி: நான் ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். பையன் நாலாவது. ஒரு இடத்துல உக்கார மாட்டான், நடந்துக்கிட்டே ஏழாம் வாய்ப்பாட்ட கடகடனு சொல்வான், உக்காந்து எழுதுடானா வராது. மிஸ் கூப்பிட்டு "உங்க பையன் கையால செய்யற டைப், புத்தகப் படிப்பு அவனுக்கு ஒத்து வராது, விளையாட்டுல போடுங்க"னு சொல்லிட்டாங்க. அவ்வளவு தானா மேடம்?
(வாசகர், மதுரை)

இல்ல தம்பி, அவ்வளவு தான்லாம் இல்ல. ஒம்பது வயசுப் பையன் வாழ்க்கைய ஒரு வார்த்தையில முடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. 2023ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துது, படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. ஒரு பிள்ளை பாத்துப் படிக்கும், இன்னொரு பிள்ளை கையால செஞ்சு படிக்கும்னு மட்டும் சொல்லிட்டு, இதுல யாரு புத்திசாலினு கேட்டிருக்காங்க. பெத்தவங்களும் சரி டீச்சருங்களும் சரி பிள்ளைங்களும் சரி, பாத்துப் படிக்கிற பிள்ளை தான் புத்திசாலிங்கற பக்கமே சாஞ்சிருக்காங்க. கணக்கு, மொழிப்பாடத்துல அது தான் மார்க் வாங்கும், கையால செய்யறது விளையாட்டுலயும் பாட்டுலயும் ஓவியத்துலயும் வாங்கும்னு கணிச்சிருக்காங்க. வேற ஒரு தகவலும் குடுக்கல, அந்தப் பேரு ஒண்ணு தான். நம்ம ஊர்ல இந்தப் பேரு எந்த வீட்டுப் பிள்ளைங்க மேல சீக்கிரம் ஒட்டும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதனால தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இப்ப வாய்ப்பாடு. நடந்துக்கிட்டே வரிசையா சொல்றான்ல, அது பாட்டு மாதிரி, முதல் வரி வந்தா அடுத்த வரி தானா வரும். நடுவுல "ஏழெட்டு எவ்ளோடா"னு திடீர்னு கேட்டுப் பாருங்க, முதல்ல இருந்து ஓட்டிக்கிட்டு வந்து தான் சொல்வான்னு நினைக்கிறேன். எழுதும்போது வராததுக்குக் காரணம் உக்கார்றது இல்ல, தனித்தனியா எடுக்கப் பழகல, அவ்வளவு தான். சாயங்காலம் சவாரி முடிச்சு வந்ததும், நடக்கட்டும் குதிக்கட்டும் பரவால்ல, வரிசைய மாத்தி அஞ்சே அஞ்சு கேளுங்க. தப்பா சொன்னத மட்டும் ரெண்டு நாள் கழிச்சு திரும்ப, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு திரும்ப. ஒரே நாள்ல ஐம்பது தடவ எழுத வைக்கறத விட இது நிக்கும். இடைவெளி விட்டுப் படிச்சா நல்லா நிக்கும்னு ஜெர்மனியில எபிங்ஹாஸ்னு ஒருத்தர் 1885லயே எழுதி வச்சிருக்கார், இன்னிக்கு வரைக்கும் அது அசையல.

ஞாபகத்துல இருந்து எடுக்கறதுக்கு எவ்வளவு பலம்னு ஒரு கணக்கு சொல்றேன். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள ரெண்டு பகுதி படிக்க வச்சாங்க, ஒரு பகுதிய பசங்க இன்னொரு தடவ படிச்சாங்க, இன்னொரு பகுதிக்கு மூடிட்டு ஞாபகம் இருக்கறத எழுதினாங்க. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்ப திரும்பப் படிச்ச பகுதி தான் அதிகமா ஞாபகம் இருந்துது. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அதுல 42 சதவீதம் தான் ஞாபகம், மூடிட்டு எழுதின பகுதியில 56 சதவீதம். சின்னப் பிள்ளைங்களுக்கும் இது பலிக்கும், ஆனா வெறும் தாளைக் குடுத்து எழுதுனா திணறுவாங்க, பாதி வரி நீங்க சொல்லி மீதிய அவங்க முடிக்கற மாதிரி சின்னச் சின்னதா கேக்கணும்.

ஓடியாடற பையன்கறதால அவனுக்குக் கணக்க கையால சொல்லிக் குடுக்கணுமானா, சொல்லிக் குடுங்க, ஆனா அவனுக்கு மட்டும் இல்ல, எல்லாப் பிள்ளைக்கும் பின்னம்னா தோசைய நாலா கிழிச்சுக் காட்டினா தான் புரியும். அது பாடத்தோட தன்மை தம்பி. லிட்டர் மில்லிலிட்டர்னா தண்ணி ஊத்திப் பாக்கணும், வரைபடம்னா கண்ணால பாக்கணும், "மரம்"க்கும் "மறம்"க்கும் உச்சரிப்பு தெரியணும்னா காதால கேக்கணும். இன்னொண்ணு, ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கறான்? இந்த வயசுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும். தூக்கம் பத்தாத பிள்ளை பல நேரம் தூங்கி வழியாது, ஓடிக்கிட்டே தான் இருக்கும், நிறையப் பாத்துட்டேன்.

கேள்வி: மலையடிவாரத்துல ஈராசிரியர் பள்ளி. ஒண்ணு ரெண்டு மூணு சேத்து 26 பிள்ளைங்க எங்கிட்ட. ட்ரெயினிங்ல லேர்னிங் ஸ்டைல் பத்தி நிறையப் படிச்சோம், பிள்ளைங்கள ஸ்டைல் பிரிச்சு க்ரூப் போட்டுப் பாத்தேன், நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதியே விடிஞ்சுடுது. க்ரூப்ப விட்டுடலாமா மேடம், மனசாட்சி உறுத்துது.
(இடைநிலை ஆசிரியை, தருமபுரி)

விட்டுடுங்க டீச்சர், உறுத்தவே வேண்டாம். 2012ல இங்கிலாந்து, நெதர்லாந்து ஆசிரியர்கள்ட்ட கேட்டப்போ பத்துல ஒம்பது பேருக்கு மேல இத உண்மைனு தான் நம்பிருந்தாங்க, நானும் பல வருஷம் நம்பினவ தான். எம்.எட். தீசிஸ்ல "கற்றல் பாணியும் கல்வி அடைவும்"னு நிறைய பாத்திருப்பீங்க, ஒரு ஸ்கூல்ல கேள்வித்தாள் குடுத்து, அந்த மார்க்கோட இந்த மார்க்க சேத்துப் பாத்து "தொடர்பு உள்ளது"னு முடிப்பாங்க. தொடர்பு இருக்கலாம். நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு வாசிக்கப் பிடிக்கும், அதுக்கு மார்க்கும் வரும். அதுக்காக வாசிக்கப் பிடிக்காத பிள்ளைக்கு வாசிப்பக் கொறச்சா மார்க் ஏறும்னு ஆயிடாது. சொல்லப்போனா அந்த 2020 ஆய்வுல பாத்துப் படிக்கப் பிடிக்கும்னு சொன்ன பிள்ளைங்க, காதால கேட்டு பதில் சொல்ற தேர்வுலயும் முன்னாடி தான் இருந்தாங்க.

பிள்ளைங்களப் பிரிக்கணும்னா எந்த இடத்துல நிக்கிறாங்கனு பாத்துப் பிரிங்க. இத நமக்கு வெளியூர்க்காரங்க வந்து சொல்ல வேண்டியதே இல்ல. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல விஜயகுமார் ஐ.ஏ.எஸ். கமிஷனரா இருந்தப்போ, ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிக்கூடத்துல செஞ்சுக்கிட்டிருந்தத பாத்துட்டு வந்து செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்துல அட்டைய வச்சுத் தானே செஞ்சு படிக்கிற முறை, 2007-08ல மாநிலம் முழுக்க வந்துது. அட்டை, எந்த அட்டைக்கு அப்புறம் எதுனு காட்டற ஏணிப்படி, பிள்ளை கைக்கு எட்டற உயரத்துல சுவத்துல கரும்பலகை, எல்லாரும் பாய்ல. நான் அப்ப அந்த வகுப்புல இருந்தவ, மொதல்ல ரெண்டு மாசம் ஒரே சத்தம், தலைவலி, அப்புறம் ஒரு நாள் ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்த பொண்ணு யாரையும் கேக்காம ஏணிப்படியில தான் விட்ட எடத்தப் பாத்து, தன் அட்டைய எடுத்து உக்காந்துச்சு. அன்னிக்குப் புரிஞ்சுது எனக்கு, முழு வகுப்பும் ஒரே பக்கத்த புரட்ட வேண்டியதில்லைனு. அட்டை கிழிஞ்சா மாத்த ஆளில்ல, எழுதறதுக்கு நேரம் பத்தலனு குறைங்க நிறைய இருந்துது, மறுக்கல.

கொரோனாவுக்கு அப்புறம் 2022 ஜூன்ல வந்த நம்ம மாநில அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சது ஸ்டைல வச்சு இல்லயே, நிலைய வச்சு தானே. பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு மும்பைலயும் வதோதராவுலயும் பின்தங்கின பிள்ளைங்கள தனியா கூட்டி, அவங்க நிக்கற எடத்துல இருந்து சொல்லிக் குடுத்தத அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு அளந்து 2007ல எழுதினாங்க, மார்க் ஏறினது தெளிவா தெரிஞ்சுது, அதுவும் அடியில இருந்த பிள்ளைங்களுக்கு தான் அதிகம். அவங்க ரெண்டு பேருக்கும் 2019ல பொருளாதார நோபல் கிடைச்சப்போ எனக்கு என் வகுப்பு பாய் தான் ஞாபகம் வந்துது.

ஒண்ணே ஒண்ணு. மொட்டுல இருக்கற பிள்ளை ஆறு மாசமா மொட்டுலயே இருந்தா, அதுவும் ஒரு முத்திரையா மாறிடும். மாசத்துக்கு ஒரு தடவயாவது சோதிச்சு நகத்துங்க. படம், பாட்டு, மண்ணு, கல்லு எல்லாத்தையும் பயன்படுத்துங்க, ஆனா 26 பேருக்கும் சேத்து.

கேள்வி: ஒரு சென்டர்ல கைரேகைய ஸ்கேன் பண்ணி பிள்ளைக்கு எந்த ஸ்டைல், எந்த மூளைப்பக்கம் வேலை செய்யுதுனு சொல்றாங்களாம், ஆறாயிரம் ரூபா. எடுக்கலாமா? யு.கே.ஜி. தான் படிக்கிறான்.
(வாசகர், சேலம்)

எடுக்காதீங்க. விரல் ரேகை தாய் வயித்துலயே ஆறு மாசத்துக்குள்ள உருவாகி முடிஞ்சுடும், அப்புறம் சாகற வரைக்கும் மாறாது. பிள்ளை படிக்கிறதோ தினம் தினம் மாறிக்கிட்டே இருக்கு. மாறாத ஒண்ண வச்சு மாறிக்கிட்டே இருக்கறத எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் காசுக்குக் கதைப் புக்கு வாங்குங்க, ஒரு அலமாரி நெறைய வரும்.

கேள்வி: ரெண்டாவது படிக்கிற பையன் காதால கேட்டா டக்குனு பிடிச்சுக்கறான், போர்டுல இருந்து எழுதறதே இல்ல, பக்கத்துப் பையன் நோட்டப் பாத்து எழுதறானாம். ஆடிட்டரி லேர்னரா இருப்பானோ?
(வாசகி, நாகர்கோவில்)

இந்த வாரமே கண்ண டெஸ்ட் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். என் வகுப்புல ஒரு பையன் இப்படியே இருந்தான். நல்லா கேப்பான், வாயால சொல்லச் சொன்னா அத்தனையும் சொல்வான், எழுதச் சொன்னா முழிப்பான். அவன் கேட்டுப் படிக்கிற பிள்ளைனு நானே முடிவு பண்ணி ஒரு வருஷம் முழுக்க வாய்வழியாவே கேட்டுக்கிட்டிருந்தேன். அடுத்த வருஷம் ஹெல்த் டீம் வந்து பாத்தப்போ தான் தெரிஞ்சுது, அவனுக்கு ரெண்டாவது பெஞ்சுல இருந்து போர்டே தெரியலனு. கண்ணாடி போட்டுட்டு வந்த அன்னிக்கு ஜன்னல் வழியா வேப்பமரத்தப் பாத்துட்டு "டீச்சர், இலை தனித்தனியா இருக்கு"னான். இத்தன வருஷம் ஆச்சு, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அரசுப் பள்ளினா ஆர்.பி.எஸ்.கே.ங்கற அரசோட பிள்ளைங்க உடல்நலப் பரிசோதனைத் திட்டத்து டீம் வருஷத்துக்கு ஒரு தடவ வருவாங்க, 2013ல இருந்து இருக்கு, தேதிய கேட்டு வச்சுக்கோங்க. ஆனா அது வரைக்கும் காத்திருக்காதீங்க. அப்படியே காதையும் பாத்துடுங்க.

கேள்வி: பேரன் சத்தம் போட்டு ராகம் போட்டுப் படிக்கிறான். மருமக "மனசுக்குள்ள படி, அது தான் மாடர்ன்"ங்கறா. எங்க காலத்துல எல்லாம் கத்தி தான் படிச்சோம். யாரு சரி?
(ஒரு ஆச்சி, காரைக்குடி)

ஆச்சி, இந்த வயசுக்கு சத்தமாப் படிக்கட்டும். மனசுக்குள்ள படிச்ச வார்த்தைய விட வாய்விட்டுப் படிச்ச வார்த்தை அதிகமா ஞாபகம் நிக்குதுனு கனடாவுல மெக்லியாட் குழு 2010ல காட்டிருக்காங்க. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரலால அ எழுதி, வாயால "அ"னு சொல்லி, கண்ணால பாத்துனு மூணும் ஒண்ணா தானே நடந்துது, இவன் பாக்கறவன் அவன் கேக்கறவன்னு பிரிக்கலையே. 1790 வாக்குல எழும்பூர்ல ராணுவத்தார் பிள்ளைங்களுக்கான ஆதரவற்றோர் இல்லத்தப் பாத்துக்கிட்ட ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கறதப் பாத்து அசந்து போய் தன் பள்ளிக்கூடத்துல கொண்டு வந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறதையும் சேத்து 1797ல லண்டன்ல புத்தகமாவே போட்டார், மெட்ராஸ் சிஸ்டம்னு அங்க பேரு. மருமக சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு ஆச்சி, ராகம் மட்டும் போகுது அர்த்தம் போகலனா பிரயோஜனம் இல்ல. படிச்சு முடிச்சதும் "என்ன ராசா சொல்லிருக்கு இதுல"னு நீங்களே கேளுங்க.

கேள்வி: நான் அஞ்சாவது படிக்கிறேன். எங்க மிஸ் நான் ஆடிட்டரினு சொன்னாங்க. அப்ப எனக்கு மேப் வராதா? தமிழ்நாடு மேப் டெஸ்ட் இருக்கு.
(கடலூர்)

கண்ணு, வரும். நிச்சயமா வரும். 38 மாவட்டத்தையும் ஒரே நாள்ல பாக்காத, கடலோரம் மட்டும் முதல்ல, திருவள்ளூர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் 14 மாவட்டம், அதுல உன் கடலூரும் இருக்கு. மேப்ப நல்லா பாத்துட்டு மூடிடு. வெள்ளைத் தாள்ல கோணல்மாணலா இருந்தாலும் பரவால்ல, நீயே கரையோரத்த வரைஞ்சு, பேர சத்தமா சொல்லிக்கிட்டே எழுது. அப்புறம் திறந்து பாரு, எது விட்டுப்போச்சோ அத சிவப்புல எழுது. நாளைக்கு லீவு விடு. நாளன்னிக்கு திரும்ப வேற தாள்ல. மூணாவது தடவ வரைஞ்ச தாளை எனக்கு அனுப்பு, அடுத்த இதழ்ல இந்தப் பக்கத்துலயே போடறேன்.